குப்ராவுக்கு வழி தெரியாமல் போன விமானங்கள்

1942ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி, அதிகாலை நேரம். லிபியா நாட்டின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் குப்ரா என்ற பாலைவனச் சோலையிலிருந்து மூன்று குண்டு வீச்சு விமானங்கள் கிளம்பின. மூன்றும் தென்னாப்பிரிக்க விமானப்படையின் 15ஆம் அணியைச் சேர்ந்தவை. அவற்றில் இருந்தவர்கள் 12 பேர்.

அன்று அவர்கள் யாரையும் தாக்கப் போகவில்லை. புதிதாக வந்த இடம். அக்கம்பக்கம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? ரெபியானா, ப்ஸீமா என்று அருகே உள்ள சிறு சோலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடக் கூடிய பயணம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் உயிரோடு கிடைத்தார். மற்றப் பதினொரு பேரும் தாகத்தால் மாண்டார்கள். பகைவனின் குண்டு ஒன்றுகூட அவர்கள் மேல் படவில்லை.

அவர்கள் சென்ற விமானத்தின் பெயர் பிளென்ஹீம். இரட்டை எஞ்சின் கொண்ட இலேசு ரகக் குண்டு வீச்சு விமானம். இரண்டாம் உலகப் போரின் வட ஆப்பிரிக்கப் பாலைவனச் சண்டைகளில், முதல் நாள் முதல் குண்டு போட்ட பெருமை இதற்கு உண்டு. ஆட்களைப் பலி கொடுத்த கணக்கிலும் இது முன்வரிசையில் நிற்கிறது.

பத்திரிகை முதலாளியின் ஆசை

இந்த விமானம் பிறந்த கதை வேடிக்கையானது. போருக்காக இது பிறக்கவில்லை. லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகையின் அதிபர் ரோதர்மியர் பிரபுவுக்கு ஓர் ஆசை. ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கக் கூடிய பிரயாண விமானம் தமக்குச் சொந்தமாக வேண்டும்; ஆறு பேர் வசதியாக உட்கார்ந்து போகவேண்டும். பிரிஸ்டல் கம்பெனி அதைக் கட்டிக் கொடுத்தது. வடிவமைத்தவர் பிராங்க் பார்ன்வெல் என்ற நிபுணர்.

1935 ஏப்ரல் 12ஆம் தேதி அது முதல் முறையாகப் பறந்தது. பிறகு நடந்த சோதனையில் மணிக்கு 307 மைல் வேகம் போயிற்று. பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரிகள் மூக்கில் விரல் வைத்தார்கள். அப்போது அவர்களிடம் இருந்த சண்டை விமானங்கள் எதுவுமே அந்த வேகத்துக்குக் கிட்டே வரமுடியாது. பணக்காரர் ஒருவர் உல்லாசமாகப் போகும் விமானத்தை, நாட்டைக் காக்கும் விமானம் துரத்திப் பிடிக்க முடியாது என்றால் அது வெட்கக்கேடு இல்லையா? ரோதர்மியர் பிரபு விமானத்தை நாட்டுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். அதே ஆண்டிலேயே, மாதிரி விமானம்கூடச் செய்து பார்க்காமல், குண்டு வீச்சு ரகத்தில் 150 விமானங்களுக்கு அரசாங்கம் ஆர்டர் கொடுத்தது.

ஆறு பேர் உட்காரும் இடத்தில் குண்டு, துப்பாக்கி, பீரங்கிச் சுழல் மேடை எல்லாம் ஏறின. எடை கூடிற்று, வேகம் குறைந்தது. பாலைவனத்தில் பறந்த நான்காவது ரகத்தின் உச்ச வேகம் மணிக்கு 266 மைல். சுமந்த குண்டு ஏறக்குறைய ஆயிரம் ராத்தல். உள்ளே மூன்று பேர்: விமானி, வழி பார்த்துக் குண்டு போடுபவர், முதுகுப் பக்கம் துப்பாக்கி பிடிப்பவர்.

விமானியின் இருக்கையைச் சுற்றி இருந்த அமைப்பு மகா மோசம் என்பது ஓட்டியவர்கள் எல்லோரும் சொன்ன புகார். விசிறியின் கோணத்தை மாற்றும் பிடிகள் விமானியின் முதுகுக்குப் பின்னால் இருந்தன. திரும்பிப் பார்க்க முடியாது. கையால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றுக்குப் பக்கத்திலேயே எஞ்சினை நிறுத்தும் பிடிகள்! தரையை விட்டுக் கிளம்பும் அவசரத்தில் கை மாறினால் கதை முடிந்தது. 1937 மார்ச்சில் படைக்கு வந்து சேர்ந்த முதல் பிளென்ஹீமே தரை இறங்கும்போது குப்புறக் கவிழ்ந்தது.

பார்ன்வெல் போரைப் பார்க்கவில்லை. 1938 ஆகஸ்டில், தாமே வடிவமைத்த ஒரு சிறு விமானத்தை ஓட்டிப் பார்க்கையில் விபத்தில் இறந்தார். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூவருமே விமானப்படையில் சேர்ந்தார்கள். போரின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மூவரும் மாண்டார்கள்.

முதல் நாள் விடியற்காலை

1940 ஜூன் 10ஆம் தேதி மாலை முசோலினி போர்ப் பிரகடனம் செய்தார். எகிப்தில் பிரிட்டிஷ் படை. பக்கத்தில் லிபியாவில் இத்தாலியப் படை. நடுவே முள்கம்பி வேலி ஒன்றுதான் எல்லை. மறுநாள் பொழுது விடியும் நேரத்திலேயே இருபதுக்கும் மேற்பட்ட பிளென்ஹீம்கள் தோப்ருக் நகருக்குத் தெற்கே உள்ள எல் அடெம் விமானத் தளத்தின் மேல் போய் நின்றன. வரிசையாக நிறுத்தி வைத்திருந்த இத்தாலிய விமானங்கள் பல எரிந்தன. பாலைவனப் போரின் ஆரம்பம் அதுதான்.

அடுத்த பதினேழாம் நாள் நடந்த சம்பவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். லிபியாவின் கவர்னர் ஜெனரல் இத்தாலோ பால்போ பெரிய விமானி; 1933இல் கடல் விமானங்களை அணிவகுத்து அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி சிகாகோவுக்கே ஓட்டிப் போனவர். ஜூன் 28ஆம் தேதி அவர் தோப்ருக்கில் இறங்க வந்தார். சில நிமிஷங்களுக்கு முன்புதான் பிளென்ஹீம்கள் அங்கே குண்டு போட்டுவிட்டுப் போயிருந்தன. கீழே இருந்த இத்தாலியப் பீரங்கிக்காரர்கள், 'மறுபடியும் வந்துவிட்டான்!' என்று நினைத்துச் சுட்டார்கள். சொந்தப் படையின் குண்டுக்கே பால்போ இரையானார். பிரிட்டிஷ் விமானப்படைத் தளபதி லாங்மோர், விமானம் ஒன்றை அனுப்பி இத்தாலியர் பக்கத்தில் அனுதாபச் செய்தி போடச் சொன்னார். பகைவனுக்கு இரங்கல் கடிதம் போடும் மரியாதை அந்தப் போரின் ஆரம்பத்தில் மிச்சம் இருந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்பு எதிர்த் தாக்குதல் தொடங்கியது. முன்னணியில் நின்றது நமது 4ஆவது இந்திய டிவிஷன். நிபெய்வா முகாமையும் அதை அடுத்து சிதி பர்ரானியையும் பிடித்தது அதுதான். அந்த டிவிஷனோடு மதராஸ் சாப்பர்ஸ் வீரர்களும் இருந்தார்கள். பெங்களூர் அல்சூர் ஏரியைச் சுற்றிப் போகிறவர்களுக்கு அந்தப் படையின் மையம் தெரிந்திருக்கும். கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. தரையில் அவர்கள் முன்னேற, மேலே பிளென்ஹீம்கள் இத்தாலிய விமானத் தளங்களைத் தாக்கி, எதிரி விமானம் கிளம்பாதபடி பார்த்துக்கொண்டன. பிறகு எரித்ரியாவுக்கு அந்த டிவிஷன் மாற்றப்பட்டு, 1941 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கெரென் மலையில் ரத்தம் சிந்தியபோதும் தலைக்கு மேலே பிளென்ஹீம்கள் பறந்தன.

மணல் என்னும் எதிரி

இத்தாலியர்கள் பழைய இரட்டைச் சிறகு விமானங்களோடு சண்டை போட்டவரையில் பிளென்ஹீம் சமாளித்தது. ஆனால் பாலைவனத்தில் முதல் எதிரி மணல்தான்.

விமானத் தளம் என்றால் சிமெண்டு போட்ட ஓடுபாதை, கொட்டகை, விளக்கு என்று எண்ணிவிடக் கூடாது. கல் பொறுக்கிய வெறும் தரை. எல்லையைக் காட்ட நாலைந்து எண்ணெய்ப் பீப்பாய். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு நம்பர்தான். ஒன்றன் பின் ஒன்றாகக் கிளம்பினால் முன்னே போகும் விமானம் கிளப்பும் புழுதியில் பின்னே வருபவனுக்குக் கண் தெரியாது. ஆகவே பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வரிசையாகச் சேர்ந்து ஓடிக் கிளம்புவார்கள்.

எஞ்சினுக்குள் மணல் போனால் பிஸ்டனும் சிலிண்டரும் அரமிட்டுத் தேய்த்ததுபோல் தேய்ந்துவிடும். காற்றுப் புகும் வாயில் வடிகட்டி மாட்டினார்கள். மணல் குறைந்தது, எஞ்சினின் பலமும் வேகமும் சேர்ந்து குறைந்தன. ஏற்கெனவே மெதுவாகப் போகும் விமானம் இன்னும் மெதுவாகப் போயிற்று. துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டால் அதில் மணல் ஒட்டிச் சுடாமல் நின்றுவிடும். போடாவிட்டாலும் தகராறு. சூடான காற்று லேசானது. அது சிறகைத் தாங்காது. மத்தியான வேளையில் கிளம்பத் தரையில் அதிக தூரம் ஓட வேண்டும்.

இதையெல்லாம் சரி செய்தவர்கள் மெக்கானிக்குகள். வெயிலில் போட்ட திருகுளி கையைச் சுடும். இரவில் குளிர் எலும்பைத் துளைக்கும்; ஆனாலும் விடிவதற்குள் எஞ்சின் தயாராக வேண்டும். மரம் கிடையாது, விறகு கிடையாது. டின்னைப் பாதியாக வெட்டி, அதில் மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கொளுத்தி டீ போட்டுக் குடித்தார்கள். பெட்ரோல் வந்த நாலு காலன் தகர டின்கள் வழியெல்லாம் ஒழுகும். கொண்டுவந்த பெட்ரோலில் எத்தனை மணலுக்குப் போயிற்று என்பது அந்தக் காலப் படைக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். இந்த மெக்கானிக்குகளுக்கு எந்தப் போர்ப் புத்தகமும் நாலு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை.

1941 வசந்தத்தில் நிலைமை மாறிற்று. பிப்ரவரியில் ரோம்மல் டிரிப்போலியில் வந்து இறங்கினார். ஏப்ரலில் ஜெர்மானியரின் மெஸ்ஸர்ஸ்மிட் 109 ரக சண்டை விமானங்கள் வந்து சேர்ந்தன. மணிக்கு 350 மைல் வேகத்தை அநாயாசமாகத் தொடும் விமானம் அது. அதற்கு முன்னால் பிளென்ஹீம் மாட்டு வண்டிதான்.

வேறு விமானம் இல்லையா என்று கேட்கத் தோன்றும். இல்லை என்பதே உண்மை. இருந்ததையும் பிய்த்து எங்கெங்கோ அனுப்பினார்கள். கிரீஸ் நாட்டுக்குப் பல அணிகள் போயின. அங்கே 1941 ஏப்ரல் 13ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, 211ஆம் அணியின் ஆறு பிளென்ஹீம்கள் கிளம்பின. ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான் போரில் குதித்ததும் பாலைவன அணிகள் கீழ்த்திசைக்கு விரைந்தன. சில பர்மாவுக்குப் போயின. 11ஆம் அணி இலங்கைக்கு வந்தது.

கொழும்புக் குதிரைப் பந்தய மைதானத்தைத்தான் அப்போது விமானத் தளமாக்கியிருந்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி 11ஆம் அணியின் ஒன்பது பிளென்ஹீம்கள் வங்காள விரிகுடாவில் நின்ற ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப்போய்த் தாக்கின. தலைமைக் கப்பலான 'அகாகி'யின் அருகே குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. சென்ற விமானங்களில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்து, 'ஜப்பான்காரன் வந்துவிட்டான்' என்று சென்னை நகரமே மூட்டை கட்டி ஊரைக் காலி செய்த வாரம் அது. பாலைவனப் புழுதி படிந்த பழைய விமானங்கள் ஒரு கைப்பிடி, அன்று நமது கடற்கரைக்கும் அந்தப் படைக்கும் நடுவே நின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அந்த வாரம் முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் குப்ராவில் துயரம் நடந்தது.

வழி என்பது ஒரு கணக்கு

குப்ரா மத்தியதரைக் கடற்கரையிலிருந்து தெற்கே 500 மைலுக்கும் அப்பால் இருக்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரி இருக்கும் தூரத்தைவிட அதிகம். நடுவில் ஊர் இல்லை, ஆறு இல்லை, ரயில் பாதை இல்லை. 1941 மார்ச் 1ஆம் தேதி அதை இத்தாலியரிடமிருந்து பிடித்தவர் சுதந்திர பிரெஞ்சுப் படையின் லெக்லெர்க். பிரிட்டிஷாரின் தொலைதூரப் பாலைவன ரோந்துப் படைக்கு அது பிறகு முக்கியத் தளமாயிற்று. அதற்குப் பாதுகாப்பாகத்தான் தென்னாப்பிரிக்க பிளென்ஹீம்கள் 1942 ஏப்ரல் கடைசியில் அங்கே வந்தன.

ஆட்கள் தைரியசாலிகள்தாம். ஆனால் உள்பாலைவனத்தில் பறந்து பழகியவர்கள் அல்லர்.

நமது ஊரில் ஒரு விமானி வழி தவறினால் கீழே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு ரயில் பாதை, ஓர் ஏரி, ஒரு கோயில் கோபுரம் ஏதாவது கண்ணில் படும். அங்கே கீழே பார்த்தால் மணல். இன்னும் கொஞ்சம் போய்ப் பார்த்தால் மணல். வரைபடத்திலும் அந்த இடம் வெறும் வெள்ளைக் காகிதம். ஆகவே எல்லாம் கணக்குதான். எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். இதில் காற்றுதான் கள்ளன். பக்கவாட்டில் மணிக்கு 15 மைல் வேகத்தில் காற்று அடித்தால், ஒரு மணி நேரத்தில் விமானம் 15 மைல் ஒதுங்கியிருக்கும். உள்ளே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. திசைகாட்டி முள் நேராகத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு திருப்பத்தில் செய்த பிழை அடுத்த திருப்பத்தில் பெருகும்.

மே 4ஆம் தேதி நடந்தது அதுதான். மூன்று விமானங்களும் சேர்ந்தே சென்றன. முன்னே போகிறவனின் கணக்கு தவறினால் பின்னே போகிறவர்களும் சேர்ந்து தவற வேண்டியதுதான். திரும்பும் நேரத்தில் குப்ரா இருக்க வேண்டிய இடத்தில் குப்ரா இல்லை. ரேடியோ மூலம் திசை கேட்டுப் பார்த்தார்கள், அதுவும் கைகொடுக்கவில்லை. பெட்ரோல் தீரத் தீரத் தேடினால் விழுந்து நொறுங்க வேண்டிவரும். மூன்று விமானங்களும் பத்திரமாக மணலில் இறங்கின. யாருக்கும் காயம்கூட இல்லை.

சோலை அங்கிருந்து அந்த விமானத்துக்கு ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. எந்தப் பக்கம் என்பதுதான் தெரியவில்லை.

எட்டு நாட்கள்

மூவர் போகும் விமானத்தில் நால்வர் வீதம் ஏறியிருந்தார்கள். இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று வந்தவர்களிடம் தண்ணீர் சொற்பமாகவே இருந்தது. முதல் நாள் யாரும் பயப்படவில்லை. தேடி வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் தண்ணீரையும் தாராளமாகச் செலவழித்துவிட்டார்கள் என்றுதான் எண்ணத் தோன்றுகிறது; வெயில் அப்படி.

மிஞ்சிய பெட்ரோலைக் கொண்டு சோலையைத் தேடவும் முயன்றார்கள். அப்படிப் போன விமானம் ஒன்று திரும்பி வரவில்லை. அது வேறோர் இடத்தில் மணலில் இறங்கிக் கிடந்தது.

குப்ராவிலிருந்து தேடும் முயற்சி தொடங்கத்தான் செய்தது. வடக்கே இருந்து விமானங்கள் வரவழைக்கப்பட்டன. தரையில் வண்டிகளும் புறப்பட்டன. ஆனால் அந்தச் சமயம் பார்த்து மணற்புயல் எழுந்தது. சில அடிக்கு அப்பால் நிற்கும் மனிதனே தெரியாத புயலில், மணல் நிறத்திலேயே வர்ணம் பூசிய விமானத்தை மேலே இருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? பகைவன் கண்ணில் படாமல் இருக்கப் பூசிய வர்ணம் தேடி வந்த நண்பர்களின் கண்ணிலிருந்தும் அவர்களை மறைத்தது.

அணித் தலைவர் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே நடந்தது இன்று உலகுக்குத் தெரிவது பெரும்பாலும் அதனால்தான். தண்ணீர் தீர்ந்த பிறகு விமானத்தின் திசைகாட்டிக்குள் இருந்த சாராயத்தை எடுத்துக் குடித்தார்கள். அது தாகத்தை இன்னும் அதிகமாக்கியது. வெப்பம் தாங்காமல் தீயணைக்கும் கருவியைத் திறந்து, குளிர்ச்சிக்காக உடம்பின் மேல் பீய்ச்சிக்கொண்டார்கள். அந்தத் திரவம் பட்ட இடமெல்லாம் புண்ணாயிற்று. ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தார்கள். இருபதும் முப்பதும் வயதுக்காரர்கள். தலைவரின் எழுத்தும் ஒரு நாள் நின்றது.

11ஆம் தேதிதான் தேடும் படை அவர்களை அடைந்தது. எட்டாம் நாள். விமானப்படை மெக்கானிக் ஒருவர் மட்டும் உயிரோடு இருந்தார். கூட வந்தவர்கள் அனைவரையும் ஒவ்வொருவராகப் பறிகொடுத்துவிட்டு அவர் அங்கே இருந்தார்.

பிறகு விசாரணை நடந்தது. வழிக் கணக்கைச் சரியாகக் குறிக்காதது, அனுபவமில்லாதவர்களைப் போதிய பயிற்சியின்றி உள்பாலைவனத்துக்கு அனுப்பியது, போதிய தண்ணீர் இல்லாமல் கிளம்பியது எல்லாம் பேசப்பட்டன. செத்தவன் தலையில் கணக்குப் பிழையை எழுதுவது எந்த விசாரணைக்கும் சுலபம். இரண்டு மணி நேரப் பயணமானாலும் ஒரு வாரத் தண்ணீர் ஏற்றாமல் விமானம் கிளம்பக்கூடாது என்று சட்டம் போட்டு, அதைத் தளத்திலேயே நின்று பார்த்திருக்க வேண்டியவர்கள் மேலே இருந்தவர்கள். ஏனென்றால் அந்தச் சோலை அதற்கு முன்பே ஒரு பிளென்ஹீமை விழுங்கியிருந்தது. அதைக் கீழே பார்க்கலாம்.

கடைசி மானம்

1942 கோடையில் அமெரிக்காவிலிருந்து பாஸ்டன், பால்ட்டிமோர் ரக விமானங்கள் வந்து பிளென்ஹீமின் வேலையை எடுத்துக்கொண்டன. எல் அலமெய்ன் போரில், சண்டை விமானங்களின் காவலோடு பதினெட்டு பதினெட்டாக அணிவகுத்துப் போய்க் குண்டு போட்டவை இந்தப் புதிய விமானங்கள்தாம். பிளென்ஹீம் அத்தோடு ஓய்வு பெற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் ஐந்தாவது ரகம் என்று ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். எடை இன்னும் அதிகம். வேகம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவே. அதை அல்ஜீரியா, டுனீஷியா போர்முனைக்கு அனுப்பினார்கள். 1942 டிசம்பர் 4ஆம் தேதி, ஷுயிகி என்ற இடத்தருகே இருந்த ஜெர்மானிய சண்டை விமானத் தளத்தை உடனே தாக்க வேண்டும் என்று தரைப்படையிடமிருந்து அவசரக் கோரிக்கை வந்தது. 18ஆம் அணியின் தலைவர் விங் கமாண்டர் ஹ்யூ மால்கம். வயது 25. காவலுக்கு சண்டை விமானம் கேட்டார். அந்த நேரத்துக்குள் ஏற்பாடு செய்ய முடியவில்லை. காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தரையில் சண்டை போடுகிறவர்களுக்கு அந்த உதவி அவசியம் என்பதும் தெரியும். போனார்.

மெஸ்ஸர்ஸ்மிட்டுகள் கூட்டமாக வந்து சூழ்ந்தன. குண்டுகளைப் போட்ட பின்பும், ஒருவருக்கொருவர் துணையாக அணி கலையாமல் திரும்பப் பார்த்தார்கள். ஒவ்வொன்றாக வீழ்ந்தன. இலக்குவரை சென்ற விமானங்களில் ஒன்றுகூடத் தளம் திரும்பவில்லை. இறந்த மால்கமுக்கு விக்டோரியா கிராஸ் விருது கொடுத்தார்கள். தாக்கச் சொன்ன அதிகாரிகளைப் பற்றி அந்த விருதுப் பத்திரத்தில் ஒன்றும் இல்லை.

1959இல் கிடைத்தது

1941 பிப்ரவரியில், லெக்லெர்க்கின் படை குப்ராவைப் பிடிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, சாட் நாட்டிலிருந்து சுதந்திர பிரெஞ்சு விமானப்படையினர் பிளென்ஹீம்களில் வந்து அந்தச் சோலையில் குண்டு போட்டார்கள். அவற்றில் ஒன்று திரும்பும் வழியில் காணாமல் போயிற்று. உள்ளே மூன்று பேர். சுட்டு வீழ்த்தப்பட்டதா, எஞ்சின் நின்றதா, வழி தவறியதா என்று யாருக்கும் தெரியவில்லை. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை.

போர் முடிந்தது. குப்ராவில் சபதம் எடுத்த லெக்லெர்க், 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குள் நுழைந்து சபதத்தை நிறைவேற்றினார். 1947இல் அவரும் விமான விபத்தில் இறந்தார். லிபியா 1951இல் சுதந்திர நாடாயிற்று. பிளென்ஹீம் விமானங்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள்.

1959ஆம் ஆண்டு, சாட் பாலைவனத்தில் சென்ற பிரெஞ்சு ராணுவ ரோந்துப் படை ஒன்று மணலில் நின்ற ஒரு பழைய விமானத்தைப் பார்த்தது. அந்த பிளென்ஹீம்தான். மூவரும் அங்கேயே இருந்தார்கள். பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.